நியூயார்க் நகரின் விளையாட்டு வானொலி

1987 ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி பிற்பகல் மூன்று மணிக்கு நியூயார்க் நகரத்து வானொலி நிலையம் ஒன்று தன் பெயரையும் தொழிலையும் ஒருங்கே மாற்றிக்கொண்டது. அதுவரை அமெரிக்க நாட்டுப்புற மெல்லிசையை ஒலிபரப்பிவந்த அந்நிலையம், அன்று முதல் இருபத்து நான்கு மணி நேரமும் விளையாட்டையே பேசுவது என்று முடிவு செய்தது. நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு உறக்கம் வராமல் ஒருவர் வானொலிப் பெட்டியைத் திருப்பினாலும், மாலையில் நடந்த ஆட்டத்தைப் பற்றி யாரேனும் வாதாடிக்கொண்டிருப்பதைக் கேட்கலாம். இவ்வகை நிலையங்களில் இதுவே உலகில் முதலாவது எனப் பெரும்பாலோர் கொள்வர்.

பலர் இதனை ஐயுற்றனர். ஐயத்திற்குக் காரணமும் இருந்தது. ஓர் ஆட்டம் நடப்பது மூன்று மணி நேரம். எஞ்சிய இருபத்தொரு மணி நேரத்தில் எதைப் பேசுவது? மேலும், 1981 இல் விளையாட்டுக்கென்றே தொடங்கப்பெற்ற ஒரு வானொலி வலையம் ஓராண்டுகூட நிலைக்காமல் அதே ஆண்டில் மூடப்பட்டிருந்தது. அந்த நினைவு வணிகர்களின் மனத்தைவிட்டு நீங்கவில்லை.

இந்நிலையத்தின் கதையைச் சொல்ல வேண்டுமானால் 1987 இல் தொடங்கினால் போதாது. ஆறு எங்கிருந்து வருகிறது என்று அறிய மலைக்குப் போக வேண்டும் அல்லவா? இந்த ஆற்றுக்கு இரண்டு ஊற்றுகள். ஒன்று 660 கிலோசைக்கிள் அலை, மற்றொன்று 1050 கிலோசைக்கிள் அலை. இவ்விரண்டும் நியூயார்க் நகர மக்களின் செவிகளில் அரை நூற்றாண்டுக்கு மேலாக வெவ்வேறு பெயர்களில் ஒலித்தவை.

முதலில், வானொலியும் விளையாட்டும் சந்தித்த நாட்களைப் பார்ப்போம். பேஸ்பால் என்னும் ஆட்டம் நம்முடைய கிரிக்கெட்டுக்கு ஒன்றுவிட்ட உறவு. ஒருவர் எறிவார், ஒருவர் மட்டையால் அடிப்பார், ஒவ்வொரு எறிக்கும் இடையே சிறிது ஓய்வு உண்டு. அந்த இடைவெளிதான் பேசுகிறவருக்குக் கிடைத்த பேறு. 1921 ஆம் ஆண்டு அக்டோபரில், நியூயார்க்கை அடுத்த நூவார்க் நகரில் ஒரு தொழிற்சாலையின் மொட்டைமாடியில் அமைத்த சிறு கொட்டகையிலிருந்து, அவ்வாண்டின் ‘உலகத் தொடர்’ ஆட்டங்கள் ஒலிபரப்பப்பட்டன. ஒலிபரப்பியவர் டாமி கோவன் என்பவர். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆடுகளத்தில் அமர்ந்திருந்த பத்திரிகை நிருபர் ஒருவர் தொலைபேசியில் சொல்லச் சொல்ல, இவர் ஒரு காதில் கேட்டு ஒலிவாங்கியின்முன் திருப்பிச் சொன்னார். பிறர் கண்ணைக் கடன் வாங்கித் தம் வாயால் செலுத்திய அந்த மனிதரே நியூயார்க் வட்டாரத்தின் பேஸ்பால் வர்ணனைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர்.

மறு ஆண்டு, 1922 ஆகஸ்டில், தொலைபேசிக் கம்பெனியாகிய ஏ. டி. அண்ட் டி., நியூயார்க்கில் டபிள்யூ. ஈ. ஏ. எப். என்னும் நிலையத்தைத் தொடங்கியது. தொலைபேசிக் கூண்டில் காசு போட்டவர் பேசலாம் என்பதுபோல, கட்டணம் செலுத்தியவர் வானொலியில் பேசலாம் என்பது அக்கம்பெனியின் எண்ணம். ஆகஸ்டு 28 ஆம் நாள் அடுக்கு வீடுகளை விற்கும் நிறுவனம் ஒன்று ஏறத்தாழப் பத்து நிமிடம் பேசியது. வானொலி விளம்பரம் பிறந்த நாள் அதுவே என்பர். விளையாட்டு வானொலியைப் பின்னாளில் வாழவைத்தது இந்த விளம்பரந்தான் என்பதால் இதனை இங்கே குறிப்பிடுகிறேன். தொலைபேசிக் கம்பிகள் தன் கையில் இருந்தமையால், இந்நிலையம் 1922 அக்டோபர் 28 அன்று சிகாகோ நகரில் நடந்த கால்பந்து ஆட்டத்தை நெடுந்தூரக் கம்பி வழியே கொணர்ந்து நியூயார்க் மக்களுக்கு ஒலிபரப்பிற்று.

1923 இல் அந்நிலையத்திற்கு வந்து சேர்ந்தவர் கிரஹாம் மெக்னமீ. அவர் ஒரு பாடகர். நீதிமன்றத்தில் சான்றாயர் கடமைக்காகச் சென்றவர், நண்பகல் இடைவேளையில் பிராட்வே தெருவிலிருந்த நிலையத்துள் நுழைந்து, குரல் தேர்வுக்கு நின்று, வேலையோடு வெளிவந்தார். அவ்வாண்டின் உலகத் தொடரை வர்ணிக்க முதலில் அமர்த்தப்பட்டவர் பெயர் பெற்ற பத்திரிகை எழுத்தாளர் ஒருவர். அவருக்கு ஆட்டம் தெரியும். ஆனால் ஒலிவாங்கி பிடிக்கவில்லை. தொடரின் நடுவிலேயே அவர் விலகிவிட, துணைக்கு அமர்ந்திருந்த மெக்னமீ அவ்விடத்தை ஏற்றார்.

மெக்னமீக்கு ஆட்டத்தின் நுணுக்கம் நன்கு தெரியாது என்று நிருபர்கள் குறை கூறினர். அது உண்மையே. ஆனால் வீட்டில் அமர்ந்திருப்பவர் எதைக் காண ஏங்குகிறார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. கூட்டம் எப்படிப் பொங்குகிறது, வானம் எப்படி இருக்கிறது, வந்திருப்போரில் யார் யார் என்பனவற்றையெல்லாம் அவர் சொன்னார். 1925 ஆம் ஆண்டுத் தொடருக்குப் பின் அவருக்கு 50,000 கடிதங்கள் வந்தனவாம். அவர் சொன்ன ஆட்டம் வேறு, நடந்த ஆட்டம் வேறு என்று நகைச்சுவை எழுத்தாளர் ரிங் லார்ட்னர் கேலி செய்தார். இந்தக் கேலியில் ஒரு பெரிய கேள்வி ஒளிந்திருக்கிறது. வர்ணனையாளரின் கடமை உள்ளதை உள்ளபடி சொல்வதா, கேட்பவரின் உள்ளத்தைக் கிளறுவதா? விளையாட்டு வானொலியின் வரலாறு முழுவதிலும் இக்கேள்வி மீண்டும் மீண்டும் தலைகாட்டும்.

1926 இல் தொலைபேசிக் கம்பெனி இந்நிலையத்தை ஆர். சி. ஏ. நிறுவனத்துக்குப் பத்து லட்சம் டாலருக்கு விற்றது. நவம்பர் 15 ஆம் நாள் என். பி. சி. வலையம் பிறந்தபோது இதுவே அதன் தலைமை நிலையமாயிற்று. 1928 இல் 660 ஆம் எண்ணில் நிலைபெற்றது. பெயர் பின்னர்ப் பலமுறை மாறினும் அலை மாறவில்லை.

இனி மற்றோர் ஊற்றைக் காண்போம். அதைக் காண, ஒரு தடையைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். நியூயார்க் நகரில் அக்காலத்தில் யாங்கீஸ், ஜயன்ட்ஸ், புரூக்ளின் டாட்ஜர்ஸ் என மூன்று பேஸ்பால் கழகங்கள் இருந்தன. 1934 இல் இம்மூன்றின் உரிமையாளர்களும் ஒன்றுகூடி, ஐந்தாண்டுகளுக்குத் தங்கள் ஆட்டங்களை வானொலியில் விடுவதில்லை என உடன்படிக்கை செய்துகொண்டனர். வீட்டில் காசில்லாமல் கேட்க முடியுமாயின் சீட்டு வாங்கி வருபவர் யார் என்பது அவர்கள் அச்சம். கடை வாசலில் மிட்டாயைச் சுவைக்கக் கொடுத்தால் கடைக்குள் யாரும் வரமாட்டார்கள் என்று எண்ணிய வணிகரைப் போன்றவர்கள் அவர்கள். சிகாகோவிலோ ரிக்லி என்னும் உரிமையாளர் இதற்கு நேர்மாறாக எண்ணி, 1920களிலேயே வானொலிக்குத் தம் ஆடுகளத்தைத் திறந்துவிட்டிருந்தார். நாட்டின் மிகப் பெரிய நகரமோ தன் சொந்தக் கழகங்களின் ஆட்டத்தைச் செவியால்கூடக் காண முடியாமல் ஐந்து கோடைகளைக் கழித்தது.

இத்தடையை உடைத்தவர் லாரி மெக்பெயில். சின்சினாட்டி நகரில் இரவு விளக்கொளியில் ஆட்டம் நடத்திக் காட்டிய துணிச்சல்காரர் அவர். 1938 இல் புரூக்ளின் கழகத்தின் பொறுப்பை ஏற்றார். உடன்படிக்கையைப் புதுப்பிக்க மறுத்தார். சின்சினாட்டியில் தம்மோடு இருந்த ரெட் பார்பர் என்னும் இளைஞரை 1939 இல் புரூக்ளினுக்கு அழைத்து வந்து ஒலிவாங்கியின்முன் அமர்த்தினார். மற்ற இரண்டு கழகங்களும் வேறு வழியின்றி வானொலிக்கு வந்தன. விளைவு என்ன? 1938 இல் புரூக்ளின் ஆடுகளத்துக்கு வந்தோர் 6,63,000 பேர். 1939 இல் வந்தோர் 9,55,000 பேர். அவ்வாண்டில் கழகமும் முன்னையினும் நன்றாக ஆடியது ஆகையால், இப்பெருக்கத்துக்கு வானொலி ஒன்றே காரணம் என்று சாதிப்பது முறையாகாது. ஆயினும், வானொலியால் கூட்டம் குறையும் என்ற வாதம் அன்றோடு மடிந்தது.

பார்பர் தென்மாநிலமாகிய மிசிசிப்பியில் பிறந்தவர்; மென்மையாகப் பேசுபவர். மெக்னமீயின் பொங்கும் நடைக்கு அவர் நடை நேர் எதிரானது. தம்மை ஒரு செய்தியாளர் என்றே அவர் கருதினார். அவருடைய மேசைமேல் முட்டை வேகவைக்கப் பயன்படும் மூன்று நிமிட மணற்கடிகை ஒன்று எப்போதும் இருக்கும். மணல் வடிந்தவுடன் ஆட்டத்தின் நிலையைச் சொல்லிவிட்டுக் கடிகையைத் திருப்பி வைப்பார். சற்று முன்புதான் பெட்டியைத் திறந்தவர் எண்ணிக்கை தெரியாமல் தவிக்கலாகாது என்பது அவர் நோக்கம். வானொலியில் பேச விரும்பும் மாணவர் எவரும் இந்த மணற்கடிகையை மறக்கலாகாது. கண்ணால் பார்ப்பவருக்கு எண்ணிக்கைப் பலகை உண்டு. காதால் கேட்பவருக்குச் சொல்பவரைத் தவிர வேறு பலகை இல்லை.

அந்நாட்களில் வெளியூர் ஆட்டங்களுக்கு வர்ணனையாளர்கள் செல்வதில்லை. தந்தி வழியே சுருக்கக் குறிப்புகள் வரும். நிலையத்தில் அமர்ந்து அவற்றை விரித்துரைக்க வேண்டும். சிலர் மரக்குச்சியைத் தட்டி மட்டையின் ஒலியையும், ஒலித்தட்டில் கூட்டத்தின் ஆரவாரத்தையும் உண்டாக்கி, ஆடுகளத்திலேயே இருப்பதுபோல் நடித்தனர். பின்னாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகிய ரொனால்டு ரீகனும் அயோவா மாநில வானொலியில் இத்தொழிலைச் செய்தவரே. ஒருமுறை தந்தி அறுந்துபோக, செய்தி வரும்வரை மட்டையாளர் பந்தை மீண்டும் மீண்டும் எல்லைக்கோட்டுக்கு வெளியே அடிப்பதாகச் சொல்லிச் சமாளித்த கதையை அவர் பிற்காலத்தில் விரும்பிக் கூறுவார். பார்பரோ ஒலிவாங்கியைத் தந்திக் கருவியின் அருகிலேயே வைத்துக்கொண்டார். கட் கட் என்ற ஓசை கேட்போர் காதில் விழட்டும், தாம் ஆடுகளத்தில் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியட்டும் என்பது அவர் கொள்கை. ரீகனின் கதை சுவையானதுதான். ஆயினும் இருவருள் ஒருவரை நம்பி ஆட்டம் கேள் என்றால், நான் பார்பரின் பக்கமே அமர்வேன்.

அவருடைய நேர்மைக்கு உண்மையான சோதனை பின்னர் வந்தது. கறுப்பின வீரர் எவரையும் பெருங்கழகங்கள் சேர்க்காத காலம் அது. 1945 இல் புரூக்ளின் கழகத் தலைவர் பிராஞ்ச் ரிக்கி, கறுப்பின வீரர் ஒருவரைத் தாம் கொண்டுவரப்போவதாகப் பார்பரிடம் மட்டும் முன்கூட்டிச் சொன்னார். நிறவேற்றுமையே நியதி எனக் கற்பிக்கப்பட்டு வளர்ந்த பார்பர், அன்றிரவு வீட்டுக்கு வந்து, வேலையை விட்டுவிடப் போவதாக மனைவியிடம் கூறினார். இன்றே முடிவு செய்ய வேண்டியதில்லை என்று மனைவி அவரைத் தணித்தார். பல நாட்கள் தம்மோடு தாமே போராடிய பின், களத்தில் நடப்பதைச் சொல்வதே தம் தொழில், எறிபவன் நிறமும் அடிப்பவன் நிறமும் தம் தொழிலைச் சேர்ந்தன அல்ல என்று அவர் தெளிந்தார். 1947 ஏப்ரல் 15 ஆம் நாள் ஜாக்கி ராபின்சன் களமிறங்கினார். லட்சக்கணக்கான வீடுகளில் ராபின்சனின் ஆட்டம் மற்ற வீரர் ஆட்டத்தைப் போலவே, அதே குரலில், அதே அளவில் ஒலித்தது. தென்மாநிலத்து உச்சரிப்பு மாறாத ஒருவர் வாயிலிருந்து அது வந்தமைதான் சிறப்பு. பிற்காலத்தில் பார்பர் தம் பழைய மனநிலையை மறைக்காமல் எழுதிவைத்தார்.

இந்தப் புரூக்ளின் ஆட்டங்களைத் தாங்கிய அலைதான் 1050. டபிள்யூ. எச். என். என்றும், 1948 முதல் டபிள்யூ. எம். ஜி. எம். என்றும் பெயர் கொண்டு, 1957 வரை அது டாட்ஜர்ஸ் கழகத்தின் குரலாக விளங்கியது. அவ்வாண்டின் முடிவில் டாட்ஜர்ஸ், ஜயன்ட்ஸ் ஆகிய இரண்டு கழகங்களும் கலிபோர்னியாவுக்குக் குடிபெயர்ந்தன. பார்பர் அதற்கு முன்பே யாங்கீஸ் கழகத்துக்கு வந்துவிட்டார். அங்கும் அவர் மாறவில்லை. 1966 செப்டம்பர் 22 அன்று, கடைசி இடத்தில் தள்ளாடிய யாங்கீஸ் ஆடியபோது, அந்த மாபெரும் அரங்கில் வந்திருந்தோர் 413 பேர். வெற்றிருக்கைகளைக் காட்டுமாறு தொலைக்காட்சிப் படப்பிடிப்பாளரைப் பார்பர் கேட்டார், மறுத்துவிட்டனர். ஆட்டத்தைவிட வந்தோர் தொகையே இன்றைய செய்தி என்று அவர் வாயால் சொன்னார். சில நாட்களில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட மாட்டாது என்று தெரிவிக்கப்பட்டது.

1050 ஆம் அலை மீண்டும் பழைய பெயரை ஏற்று, 1970களில் நாட்டுப்புற இசைக்கு மாறி, பிறகு மெட்ஸ் என்னும் புதிய கழகத்தின் ஆட்டங்களையும் ஒலிபரப்பியது. 1986 இல் மெட்ஸ் உலகத் தொடரை வென்றது. நகரமே பேஸ்பால் பேசியது. நிலையத்தை அவ்வாண்டு வாங்கியிருந்த எம்மிஸ் நிறுவனத்தின் தலைவர் ஜெப் ஸ்முல்யன் இந்த வேளையைப் பற்றிக்கொண்டார். இவ்வாறு பிறந்ததே டபிள்யூ. எப். ஏ. என். ‘பேன்’ என்றால் ஆங்கிலத்தில் ஆர்வலன். பெயரே நிலையத்தின் கொள்கை.

அந்நாளில் அவ்வலையில் முதலில் ஒலித்த குரல் சூசன் வால்ட்மன் என்னும் பெண்மணியுடையது. மெக்னமீயைப் போலவே இவரும் பாட்டிலிருந்து வந்தவர். பிராட்வே இசை நாடகங்களில் நடித்தவர். விளையாட்டைப் பற்றிப் பெண் பேசுவதா என்று வசைக் கடிதங்களும், கொலை மிரட்டல்களும்கூட அவருக்கு வந்தன. அவர் நகரவில்லை.

முதலாண்டில் நிலையம் பணத்தை இழந்தது. பிற நகரங்களில் புகழ்பெற்ற பேச்சாளர்களைக் கொண்டுவந்து அமர்த்தியது பெரிய பிழை என்பேன். தன் வீட்டுப் பிள்ளையைப் பற்றி அயலூரார் தீர்ப்புச் சொன்னால் எந்தத் தாய் பொறுப்பாள்? 1988 இல் கதை திரும்பியது. என். பி. சி. தன் வானொலி நிலையங்களை விற்க முன்வர, எம்மிஸ் 660 ஆம் அலையை வாங்கி, அக்டோபர் 7 ஆம் நாள் மாலை விளையாட்டு நிலையத்தை அதற்கு மாற்றியது. மெக்னமீயின் நிலையமும் பார்பரின் அலையில் முளைத்த புதுநிலையமும் இவ்வாறு ஒன்றாயின. 50,000 வாட் ஆற்றலுடைய அந்த அலை இரவில் பல மாநிலங்களுக்கு எட்டும்.

1989 செப்டம்பரில் மைக் பிரான்செசா, கிறிஸ் ரூசோ என்னும் இருவர் பிற்பகல் நிகழ்ச்சியைத் தொடங்கினர். இருவரும் நியூயார்க் மண்ணின் மைந்தர். ஒருவர் அழுத்தமாகவும் மற்றவர் கூச்சலாகவும் பேசுவர். தொலைபேசியில் அழைக்கும் லாரி ஓட்டுநர், கடைக்காரர், மாணவர் எல்லோரும் அவர்களோடு வாதிட்டனர். 2008 வரை இது நீடித்தது. வாதம் சில வேளைகளில் பண்பு கடந்ததும் உண்டு. அதனை நான் புகழ மாட்டேன். ஆனால் தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு இங்கேதான் விடை கிடைத்தது. எஞ்சிய இருபத்தொரு மணி நேரத்தை நிரப்பியவர்கள் கேட்பவர்களே. விளம்பரக்காரர்களோ, மகிழுந்தும் பீரும் வாங்கும் ஆடவர் கூட்டத்தை ஓரிடத்தில் கண்டு மகிழ்ந்தனர். 1990களில் இந்நிலையம் விளம்பர வருவாயில் அமெரிக்காவின் முன்னணி நிலையங்களுள் ஒன்றாகியது. நூற்றுக்கணக்கான ஊர்களில் இதைப் பார்த்து விளையாட்டு நிலையங்கள் எழுந்தன.

வாதத்திற்கு மட்டுமே பயன்பட்ட நிலையம் அன்று அது. யாங்கீஸ் கழகத்தின் முதுபெரும் வீரர் யோகி பெரா, 1985 இல் பயிற்சியாளராக இருந்தபோது, பருவம் தொடங்கிப் பதினாறே ஆட்டங்களில் நீக்கப்பட்டார். உரிமையாளர் ஸ்டெயின்பிரென்னர் அதனை நேரில் சொல்லாமல் வேறொருவர் வாயிலாகச் சொல்லியனுப்பினார். அந்த அவமதிப்பைப் பொறாத பெரா, பதினான்கு ஆண்டுகள் யாங்கீஸ் அரங்கினுள் காலெடுத்து வைக்கவில்லை. இருவரையும் மீண்டும் சேர்த்துவைக்க முயன்றவர் வால்ட்மன். அவர் இருதரப்பிலும் பேசி இணங்கவைக்க, 1999 ஜனவரியில் நியூஜெர்சியிலுள்ள பெராவின் காட்சியகத்துக்கு ஸ்டெயின்பிரென்னர் நேரில் வந்து மன்னிப்புக் கேட்டார். அந்நிகழ்ச்சி இவ்வானொலியில் ஒலித்தது. அவ்வாண்டு ஜூலை 18 ஆம் நாள் பெராவைச் சிறப்பிக்க அரங்கில் விழா எடுத்தனர். அன்றைய ஆட்டத்தில் யாங்கீஸ் எறிவீரர் டேவிட் கோன், எதிரணியினர் ஒருவரைக்கூட முதல் தளத்தை எட்டவிடாமல், மிக அரிதான ‘பழுதிலா ஆட்டம்’ ஆடினார்.

2005 முதல் வால்ட்மன் யாங்கீஸ் ஆட்டங்களின் வானொலி வர்ணனையில் அமர்ந்தார். அப்போது அவ்வாட்டங்கள் வேறு நிலையத்தில் ஒலித்தன. 2014 இல் அவ்வுரிமை டபிள்யூ. எப். ஏ. என். நிலையத்துக்கு வந்தது. 1923 இல் ஒரு பாடகர், யாங்கீஸ் கழகம் முதன்முறை உலகத் தொடரை வென்றதைச் சொன்ன அதே நிலையத்தின் வழித்தோன்றலில், தொண்ணூற்றோர் ஆண்டுகளுக்குப் பின், மற்றொரு பாடகி அக்கழகத்தின் ஆட்டத்தைச் சொல்லத் தொடங்கினார்.